ஆடு மேய்த்த அடிமையின் திருநாள்

2008-ஆம் ஆண்டு அயர்லாந்தின் கத்தோலிக்க ஆயர்கள் தங்கள் நாட்டுப் பாதுகாவலரின் திருநாளை இரண்டு நாள் முன்னதாகவே கொண்டாடச் சொன்னார்கள். அந்த ஆண்டு ஈஸ்டர் மிகச் சீக்கிரமாக, மார்ச் 23-லேயே வந்துவிட்டது. அதனால் அந்தத் திருநாளான மார்ச் 17 புனித வாரத்துத் திங்கட்கிழமையாக அமைந்தது. கிறிஸ்துவின் பாடுகளை நினைத்து அழும் அந்த வாரத்தில் எந்தப் புனிதருக்கும் விழா எடுப்பதில்லை என்பது திருச்சபையின் ஒழுங்கு. ஆகவே திருப்பலி 15-ஆம் தேதி சனிக்கிழமையே நடந்து முடிந்தது. ஊர்வலங்களும் பச்சைத் தொப்பிகளும் மேளங்களும் மட்டும் அசையவில்லை. அவை 17-ஆம் தேதிதான் வீதிக்கு வந்தன.

இதற்கு முன் 1940-இல் இப்படி ஒரு மோதல் வந்தது. அன்று மார்ச் 17-இல் குருத்து ஞாயிறு விழுந்தது. திருச்சபை தன் விழாவை ஏப்ரல் 3-க்குத் தள்ளிவைத்தது. அடுத்த மோதல் 2160-இல் வரும். இரண்டு தேதிகளும் இப்படிப் பிரியும்போதுதான் ஓர் உண்மை துலங்குகிறது. ‘செயின்ட் பேட்ரிக்ஸ் டே’ என்று உலகம் அறிந்திருக்கும் கொண்டாட்டமும், புனித பத்திரிசியாரின் திருநாளும் ஒரே நாளில் குடியிருக்கும் இரண்டு வேறு விழாக்கள்.

பத்திரிசியார் என்ற பெயர் தமிழுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் 1850-இல் தொடங்கிய கத்தோலிக்க ஆண்கள் பள்ளி 1881-இல் புனித பத்திரிசியார் கல்லூரி என்று பெயர் மாறியது. சென்னை அடையாறில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளியும் அயர்லாந்திலிருந்து கடல் கடந்து வந்த துறவறச் சகோதரர்களின் உழைப்பு. அவர்கள் சுமந்துவந்த புனிதர் பச்சைத் தொப்பி அணிந்தவர் அல்லர். பதினாறு வயதில் கடத்தப்பட்டு, ஆறு ஆண்டுகள் அடிமையாக ஆடு மேய்த்தவர்.

அவரைப் பற்றி நம்பத்தகுந்த செய்தி என்று இருப்பவை இரண்டே நூல்கள். இரண்டையும் அவரே லத்தீனில் எழுதினார். ஒன்று முதுமையில் எழுதிய ‘கன்ஃபெஸியோ’. மற்றொன்று கொரோட்டிகஸ் என்ற சிற்றரசனின் படைவீரர்களுக்கு எழுதிய கடிதம். ஐந்தாம் நூற்றாண்டு அயர்லாந்திலிருந்து நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கும் நூல்கள் இவ்வளவுதான். இவற்றில் ஆண்டுக் குறிப்பு ஒன்றுகூட இல்லை. பாம்பு இல்லை. ஷாம்ராக் என்ற மூவிலைப் புல்லும் இல்லை.

அவர் ஐரிஷ்காரரும் அல்லர். ரோமாபுரியின் ஆட்சி தளர்ந்துகொண்டிருந்த பிரிட்டனில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். தந்தை கல்பூர்னியஸ் திருத்தொண்டர், நகர மன்றத்திலும் பதவி வகித்தவர். தாத்தா பொட்டிட்டஸ் குருவானவர். திருச்சபைக்குள்ளேயே வளர்ந்தும் சிறுவன் பத்திரிசியாருக்குக் கடவுள் நாட்டம் இருக்கவில்லை. இதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஒருநாள் கடற்கொள்ளையர் வந்து இறங்கினார்கள். தன்னோடு ஆயிரக்கணக்கானோர் பிடிபட்டதாக எழுதுகிறார். கடலுக்கு அப்பால், மொழி தெரியாத மண்ணில், அவர் மேய்ப்பன் ஆக்கப்பட்டார்.

பனியிலும் மழையிலும் மலைச்சரிவுகளில் மந்தையோடு கிடந்த அந்த ஆண்டுகளில்தான் அவர் செபிக்கக் கற்றார். ஒரு பகலுக்கு நூறு முறை, இரவிலும் ஏறக்குறைய அதே அளவு என்று கணக்கே சொல்கிறார். ஆறாம் ஆண்டில் ஒரு கனவு. கப்பல் காத்திருக்கிறது என்று ஒரு குரல். ஏறத்தாழ இருநூறு மைல் நடந்து துறைமுகத்தை அடைந்தார். கப்பல்காரர்கள் முதலில் மறுத்துப் பிறகு ஏற்றிக்கொண்டார்கள். ஒருவழியாக வீடு திரும்பிய மகனிடம், இனி எங்களை விட்டு எங்கும் போகாதே என்று பெற்றோர் மன்றாடினார்கள்.

அவர் போனார். மறுபடியும் ஒரு கனவு வந்தது. விக்டோரிகஸ் என்பவன் எண்ணற்ற கடிதங்களோடு வருகிறான். ஒன்றைப் பிரித்துப் படிக்கையில், மேலைக் கடலோரத்துக் காட்டருகே வாழும் மக்கள் எல்லாரும் ஒரே குரலில், மீண்டும் எங்களிடையே வந்து நடமாடு என்று அவரை அழைப்பது கேட்கிறது. தன்னை விலங்கிட்ட நாட்டுக்கே ஆயராகத் திரும்பினார். பழிவாங்க வாய்ப்பிருந்த இடத்துக்கு நற்செய்தியோடு போன இந்தத் திரும்புதல்தான் மார்ச் 17-க்கு வேர்.

அவருக்கு முன்பே அந்தத் தீவில் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். 431-இல் திருத்தந்தை செலஸ்டின், பல்லாடியஸ் என்பவரை அங்குள்ள விசுவாசிகளுக்கு முதல் ஆயராக அனுப்பினார் என்பது அக்காலத்திலேயே எழுதப்பட்ட குறிப்பு. பத்திரிசியாரோ கிறிஸ்துவின் பெயரே கேட்டிராத ஓரங்களுக்குப் போனார். பழைய ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகள் அவர் வருகையை 432 என்று வைத்து, மறைவுக்கு 461 என்றும் 493 என்றும் இரண்டு ஆண்டுகள் சொல்கின்றன. அவர் வாழ்ந்தது ஐந்தாம் நூற்றாண்டு என்பதோடு வரலாற்றறிஞர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள்.

கொரோட்டிகஸின் ஆட்களுக்கு அவர் எழுதிய கடிதத்தைப் படிக்கிறவர்கள் பச்சைத் தொப்பிப் புனிதரை மறந்துவிடுவார்கள். திருமுழுக்குப் பெற்ற மறுநாள். புதுக் கிறிஸ்தவர்கள் வெள்ளை உடையைக்கூட இன்னும் களையவில்லை. நெற்றியில் பூசிய தைலத்தின் மணம் போகவில்லை. அந்த நேரத்தில் வந்த வீரர்கள் சிலரை வெட்டினார்கள், மற்றவர்களை அடிமைகளாக ஓட்டிச் சென்றார்கள். இத்தனைக்கும் அந்த வீரர்களும் கிறிஸ்தவர்கள் என்றே சொல்லிக்கொண்டவர்கள். பிடிபட்டவர்களைத் திருப்பிக் கேட்டு ஒரு குருவைப் பத்திரிசியார் அனுப்பினார். வீரர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு எழுதியதுதான் இந்தக் கடிதம். அவர்களைத் திருச்சபைக்கு வெளியே நிறுத்துகிறார். கண்ணீர்விட்டு மனம் திரும்பி, பிடித்தவர்களை விடுவிக்கும்வரை யாரும் அவர்களோடு உண்ணவும் கூடாது, குடிக்கவும் கூடாது என்கிறார். கால் (இன்றைய பிரான்ஸ்) நாட்டுக் கிறிஸ்தவர்கள் ஆயிரக்கணக்கில் பொற்காசு கொடுத்துச் சிறைப்பட்டோரை மீட்கிறார்கள், நீங்களோ கடவுளை அறியாத அந்நியருக்கு அவர்களை விற்கிறீர்கள் என்று குமுறுகிறார்.

அடிமை வாணிகத்தை அடிமையாக இருந்த ஒருவரே எதிர்த்து எழுதிய எழுத்து, அந்தப் பழங்காலத்திலிருந்து இப்படி வேறெங்கே கிடைக்கிறது? கன்ஃபெஸியோவில் அடிமைப் பெண்களைத் தனியாக நினைவுகூர்கிறார். அவர்களே மிகுதியாகத் துன்புறுகிறார்கள், மிரட்டலையும் அச்சத்தையும் இடைவிடாமல் தாங்குகிறார்கள் என்று எழுதுகிறார். மேய்ச்சல் நிலத்தில் அவர் கண்ட முகங்கள் அந்த வரிகளுக்குப் பின்னால் இருக்கின்றன.

மார்ச் 17 என்ற தேதிக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று அயர்லாந்தில் இல்லை. இன்றைய பெல்ஜியத்தின் நிவெல் என்ற ஊரில் இருக்கிறது. அங்கிருந்த மடத்தின் தலைவியாக இருந்த கெர்ட்ரூட் 659-இல் மரணப்படுக்கையில் கிடந்தார். தன் நேரம் எப்போது என்று கேட்டு, அருகே ஃபோஸ் மடத்திலிருந்த உல்டான் என்ற ஐரிஷ் துறவியிடம் ஆள் அனுப்பினார். நாளை, திருப்பலி நேரத்தில் என்று பதில் வந்தது. ஆயர் பத்திரிசியார் வானதூதரோடு உங்களை ஏற்றுக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறார், அஞ்ச வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார் துறவி. சொன்னபடியே மார்ச் 17-இல் அவர் உயிர் பிரிந்தது. சில ஆண்டுகளில் எழுதப்பட்ட அவர் வரலாறு இதைப் பதிந்து வைத்திருக்கிறது. அந்தப் பழைய நாளில் பத்திரிசியாரின் திருநாள், சாகப்போகும் ஒருத்திக்குத் துணை தரும் நாளாக இருந்தது.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் அயர்லாந்தில் வேறொரு பத்திரிசியார் உருவாகத் தொடங்கினார். முர்ஹூ, டீரெகான் என்ற இரு எழுத்தாளர்கள் அவர் வாழ்க்கையை எழுதினார்கள். முர்ஹூவின் நூலில் பத்திரிசியார் வெற்றிவீரர். டாரா அரண்மனையில் அரசன் லோகரே நெருப்பு ஏற்றும்வரை நாட்டில் யாரும் சுடர் கொளுத்தக் கூடாத ஓர் இரவில், எதிரே ஸ்லேன் குன்றில் பாஸ்கா நெருப்பு எரிகிறது. இன்றிரவே அணைக்காவிட்டால் இந்தத் தீ என்றைக்கும் அணையாது என்று மந்திரவாதிகள் அரசனை எச்சரிக்கிறார்கள். எழுதியவர்களுக்கு ஒரு நோக்கமும் இருந்தது. அர்மா நகரத் திருச்சபை, பத்திரிசியார் நிறுவியது என்ற பெருமையைக் காட்டி அயர்லாந்துத் திருச்சபைகள் அனைத்துக்கும் தலைமை கோரிவந்தது. மன்னரை மண்டியிட வைத்த புனிதர்தான் அந்தக் கோரிக்கைக்குப் பொருத்தம்.

அடிமைச் சிறுவனோ பின்னுக்குத் தள்ளப்பட்டான். 807-ஆம் ஆண்டு வாக்கில் ஃபெர்டோம்னாக் என்ற எழுத்தர் படியெடுத்த ‘அர்மா நூல்’ இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. அதில் முர்ஹூவும் டீரெகானும் இருக்கிறார்கள். கன்ஃபெஸியோ சுருக்கப்பட்ட வடிவில் இருக்கிறது. அடிமை வாணிகத்தை எதிர்த்த கடிதம் இல்லை. ஐரோப்பாவின் மற்ற மடங்களில் எடுத்த படிகள் தப்பியதால் மட்டுமே அது நமக்குக் கிடைத்தது.

பாம்புக் கதை இன்னும் பிந்தியது. அயர்லாந்தில் பாம்பு இல்லை என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே சோலினஸ் என்ற ரோமானியர் எழுதிவிட்டார். அப்போது பத்திரிசியார் பிறக்கவே இல்லை. பனியுகம் முடிந்து கடல் உயர்ந்தபோது பாம்புகள் அந்தத் தீவை எட்டவில்லை, அவ்வளவுதான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஃபர்னஸ் மடத்துத் துறவி ஜோசலின் எழுதிய வாழ்க்கை வரலாறு, புனிதர் பாம்புகளை விரட்டிய கதையைப் பரவலாக்கியது. அதே நூற்றாண்டில் அயர்லாந்துக்கு வந்துபோன வேல்ஸ் நாட்டு ஜெரால்டு, அங்கே பாம்புகள் எக்காலத்திலும் இருந்ததில்லை என்பதே நம்பத்தக்கது என்று எழுதினார். மக்கள் மனத்தில் வென்றது ஜோசலினின் கதை.

கதைகள் பெருகிய காலத்திலும் நாளின் உள்ளியல்பு நோன்பாகவே இருந்தது. மேயோ மாவட்டத்தில் கடலைப் பார்த்தபடி 764 மீட்டர் உயரத்துக்கு எழும் க்ரோ பாட்ரிக் மலை இதற்குச் சாட்சி. பத்திரிசியார் அங்கே நாற்பது நாள் உண்ணா நோன்பு இருந்தார் என்று டீரெகான் எழுதினார். அடியவர்கள் அதே மலையில் ஏறி நோன்பிருந்தார்கள். 1113-ஆம் ஆண்டு பத்திரிசியார் திருநாள் இரவில் அந்த மலைமேல் நெருப்புக் கோளம் விழுந்து, நோன்பிருந்த முப்பது பேர் மாண்டார்கள் என்று ஐரிஷ் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. மார்ச் மாதக் குளிரில், இடி மின்னலில், மலை உச்சியில், வெறும் வயிற்றோடு விழித்திருந்தவர்கள் அவர்கள். இன்று அந்த மலை யாத்திரை ஜூலை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. கூர்கற்கள் நிறைந்த பாதையில் வெறுங்காலோடு ஏறுகிறவர்கள் இப்போதும் உண்டு.

டோனெகல் மாவட்டத்தில் லாக் டெர்க் ஏரித் தீவுக்குப் ‘பத்திரிசியாரின் உத்தரிக்கிற ஸ்தலம்’ என்றே பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பா முழுவதும் அறிந்த புனிதத் தலம் அது. 1497-இல் திருத்தந்தை ஆறாம் அலெக்சாண்டர் அங்கிருந்த குகையை மூடச் சொன்னார். 1632-இல் ஆங்கிலேய ஆட்சி தீவிலிருந்த கட்டடங்களை இடித்தது. 1704-ஆம் ஆண்டுச் சட்டம் யாத்திரிகருக்கு அபராதமும் சவுக்கடியும் விதித்தது. யாத்திரை நிற்கவில்லை. இன்றைக்கும் தீவில் இறங்கியதும் காலணியைக் கழற்றிவிட வேண்டும். மூன்று நாள் தவம். ஓர் இரவு முழுக்கக் கண் விழிப்பு. நாளுக்கு ஒரே வேளை, பால் சேர்க்காத தேநீரும் வறட்டு ரொட்டியும்.

இப்படி நோன்பில் வேரூன்றிய ஒரு நாளுக்குக் குடி எப்படி வந்து சேர்ந்தது?

விடை நாட்காட்டியில் இருக்கிறது. ஈஸ்டர் எந்தத் தேதியில் வந்தாலும் மார்ச் 17 தவக்காலத்துக்குள்தான் விழும். பழைய அயர்லாந்தில் தவக்காலம் என்றால் நாற்பது நாளும் இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதுவும் கிடையாது. ஓட்ஸ் கஞ்சியும் மீனும் கீரையுமாக நாட்கள் நகரும். நடுவில் நாட்டுப் பாதுகாவலரின் பெருவிழா வரும். அன்று ஒருநாள் நோன்பு தளரும். காலையில் திருப்பலி, மதியம் இறைச்சிச் சோறு, மாலையில் ‘பத்திரிக்கின் கிண்ணம்’ என்ற ஒரு கோப்பை மது. மறுநாள் மறுபடி நோன்பு. ஒருமுறை ஆசைப்பட்டுப் பன்றி இறைச்சியை எடுத்த பத்திரிசியார் மனம் வருந்த, அது மீனாக மாறியது என்ற கதையும் இந்தத் தளர்வோடு சேர்ந்து வழங்கியது. நோன்பின் கடுமை இருந்தவரை அந்த ஒரு கோப்பைக்கு ஓர் அர்த்தம் இருந்தது. பின்னாளில் நோன்பு கரைந்துபோயிற்று, கோப்பை மட்டும் நிலைத்து நின்றது.

அன்றைய அடையாளம் சிலுவை. 1681-இல் அயர்லாந்தைச் சுற்றிவந்த தாமஸ் டைன்லி என்ற ஆங்கிலேயர், மார்ச் 17-இல் பெரியவர் சிறியவர் எல்லாரும் தொப்பியில் சிலுவை அணிந்ததைக் குறித்து வைத்தார். சாதாரண மக்கள் மூவிலைப் புல்லையும் செருகிக்கொள்வதாகச் சேர்த்து எழுதினார். அந்த நாளோடு ஷாம்ராக்கை இணைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் அது ஒன்று. 1713-இல் லண்டனில் இருந்த எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட், அன்றைக்குத் தெருவில் கண்ட சிலுவைகளைப் பார்த்து உலகமே ஐரிஷ்தானோ என்று நினைத்ததாகக் கடிதத்தில் எழுதினார். காகிதத்திலும் பட்டுத் துணியிலும் பிள்ளைகளுக்குச் சிலுவை செய்து கொடுப்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஐரிஷ் கிராமங்களில் நீடித்தது. பிறகு மறைந்தே போனது.

மூன்று இலையும் ஒரே காம்பும் கொண்ட புல்லைக் காட்டித் தந்தை, மகன், தூய ஆவி என்னும் ஒரே கடவுளைப் பத்திரிசியார் விளக்கினார் என்ற கதை, 1726-இல் கேலப் த்ரெல்கெல்டு எழுதிய ஐரிஷ் தாவரநூலில்தான் முதலில் அச்சேறுகிறது. புனிதர் மறைந்து ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு! அதே பத்தியில், மக்கள் அந்தப் புல்லை நனைக்கிறேன் என்ற சாக்கில் அளவுக்கு மீறிக் குடிக்கிறார்கள் என்ற வருத்தமும் பதிவாகியிருக்கிறது.

நிறமும் அப்படித்தான். 1783-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பத்திரிசியார் பெயரில் நிறுவிய வீரர் விருதின் நிறம் வானநீலம். 1790-களில் குடியரசு கேட்டு எழுந்த ஐக்கிய ஐரிஷார் இயக்கம் பச்சையைக் கையில் எடுத்தது. கிளர்ச்சி 1798-இல் நசுக்கப்பட்டது. பச்சை அணிவதே அரசுக்கு எதிரான செயலாகக் கருதப்பட்ட காலமும் வந்தது. புனிதருக்கும் அந்த நிறத்துக்கும் உறவு உண்டானது அரசியலால்.

புனிதர் யாருக்குச் சொந்தம் என்பதிலேயே பெரும் வழக்கு நடந்தது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆட்சியில் கத்தோலிக்கம் ஒடுக்கப்பட்டபோது, அர்மாவின் புரோட்டஸ்டண்ட் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1631-இல் ஒரு நூல் வெளியிட்டார். பழைய ஐரிஷ் கிறிஸ்தவம் ரோமைவிடத் தன் திருச்சபைக்கே நெருக்கமானது என்பது அவர் வாதம். அதே காலத்தில் ரோமில் வேறொருவர் உழைத்துக்கொண்டிருந்தார். வாட்டர்ஃபோர்டில் 1588-இல் பிறந்த லூக் வாடிங் என்ற பிரான்சிஸ்கன் துறவி அவர். நாடிழந்த ஐரிஷ் மாணவர்களுக்காக 1625-இல் ரோமில் புனித இசிதோர் கல்லூரியை நிறுவியவர். திருவழிபாட்டு நூல்களைத் திருத்தும் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. அதன் வழியே பத்திரிசியாரின் திருநாள் உலகத் திருச்சபையின் நாட்காட்டியில் ஏறியது. சொந்த மண்ணில் ஒளிந்து திருப்பலி நிறைவேற்ற வேண்டியிருந்த மக்களின் புனிதருக்கு உலகெங்கும் மணி ஒலித்தது.

இன்று நாம் காணும் ஊர்வலம் அயர்லாந்தில் பிறக்கவில்லை. ஸ்பானியர் ஆண்ட ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரில் 1601-இல் பத்திரிசியார் பெயரால் மக்கள் வீதிவலம் வந்ததற்கு ஆவணம் கிடைத்திருக்கிறது. அங்கே பங்குக் குருவாக இருந்தவர் ஒரு ஐரிஷ்காரர். மக்காச்சோள வயல்களைக் காக்கும் புனிதராக அந்த நகரம் பத்திரிசியாரை வணங்கியது. நம் ஊரில் தேர்ப்பவனி போகும் புனிதர்களைப் போலவே, அது விளைச்சலுக்காக வேண்டிய வழிபாடு.

பின்னால் வந்த ஊர்வலங்களுக்கு வேறு குணம். 1737-இல் பாஸ்டனில் இந்த நாளைக் கூடிக் கொண்டாடிய ஐரிஷ் அறச்சங்கத்தார் புரோட்டஸ்டண்டுகள். 1762-இல் நியூயார்க்கில் அணிவகுத்தவர்கள் பிரிட்டிஷ் படையில் இருந்த ஐரிஷ் வீரர்கள். 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, பஞ்சம் வந்து, ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதைவிட அதிகமானோர் கப்பலேறினார்கள். அமெரிக்கத் துறைமுகங்களில் இறங்கிய அந்த ஏழைக் கத்தோலிக்கர்களை அங்குள்ளோர் வெறுத்தார்கள். வேலை மறுத்தார்கள், கோயிலைக் கொளுத்தினார்கள். ஆண்டுக்கு ஒருநாள் ஆயிரக்கணக்கில் ஒன்றாக நடந்து காட்டுவது அவர்களுக்குப் பாதுகாப்பு, பெருமை, வாக்குப் பலம். பஞ்சத்தில் பிழைத்தவர்களின் காசில் எழுந்த நியூயார்க் புனித பத்திரிசியார் பேராலயம் 1879-இல் திறக்கப்பட்டது. இப்போதும் அந்த ஊர்வலம் அதன் வாசலைக் கடந்துதான் போகிறது.

கடல் கடந்த தலைமுறைகளுக்கு அந்த நாள் மெல்ல மெல்ல இனத்தின் நாளானது, பிறகு எல்லாருக்குமான நாளானது. 1962-இல் சிகாகோவில் குழாய்த் தொழிலாளர் சங்கம், கழிவுநீர்க் கசிவைக் கண்டுபிடிக்க வைத்திருந்த சாயத்தில் நூறு பவுண்டை ஆற்றில் கொட்டியது. ஒரு வாரம் ஆறு பச்சையாக ஓடியது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆறு பச்சையாகிறது.

அயர்லாந்திலோ அது நெடுங்காலம் அமைதியான நாள். ஜேம்ஸ் ஓ’மாரா என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் முயற்சியில் 1903-இல் சட்டப்படி விடுமுறை ஆனது. அன்றைக்கு மதுக்கடைகளை மூட வேண்டும் என்று ஐரிஷ் மொழி இயக்கத்தார் தீவிரமாகப் பிரசாரம் செய்தார்கள். விடுதலை பெற்ற நாட்டில் 1920-களில் வந்த சட்டங்கள் அதை உறுதிப்படுத்தின. பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ், பத்திரிசியார் திருநாள் ஆகிய மூன்று நாட்களும் மதுக்கடைக்குப் பூட்டு. டப்ளினில் அன்று சட்டப்படி மது கிடைத்த இடம் நாய்க் கண்காட்சி ஒன்றுதான். நாய்ப் பிரியர்கள் அல்லாதோரும் அங்கே குவிந்ததை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். மற்றபடி காலையில் திருப்பலி, சட்டையில் ஒரு கொத்து ஷாம்ராக், மாலையில் விளையாட்டுப் போட்டி என்று முடிந்துவிடும். 1960-களில் பத்திரிசியார் திருநாளின் பூட்டு திறந்தது. சுற்றுலாப் பயணிகள் அமெரிக்க ஊர்வலத்தைத் தேடி வந்தார்கள். அரசே பொறுப்பேற்று 1996-இல் டப்ளினில் பெருவிழாவைத் தொடங்கியது. அயர்லாந்திலிருந்து கப்பலில் போன திருநாள், விமானத்தில் திருவிழாவாகத் திரும்பி வந்தது.

அயர்லாந்துக்கு வெளியே மார்ச் 17-ஐப் பொது விடுமுறையாக வைத்திருக்கும் இடங்களில் கரீபியக் கடலின் மொன்செராட் தீவும் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டில் அங்கே ஐரிஷ் மக்கள் பெருமளவில் குடியேறினார்கள். சிலர் கூலிகளாக வந்தார்கள். சிலர் கரும்புத் தோட்ட முதலாளிகளாக வளர்ந்து, ஆப்பிரிக்கர்களை விலைக்கு வாங்கினார்கள். அடிமை வாணிகத்தைச் சபித்த புனிதரின் திருநாளை அடிமைகளை வைத்திருந்தவர்கள் விருந்தோடு கொண்டாடினார்கள். 1768-ஆம் ஆண்டு அந்த நாளையே ஆப்பிரிக்க அடிமைகள் தேர்ந்தெடுத்தார்கள். முதலாளிகள் குடியில் மயங்கியிருக்கும் வேளையில் கிளர்ந்தெழுவது திட்டம். செய்தி முன்கூட்டியே கசிந்துவிட்டது. ஒன்பது பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 1985 முதல் மொன்செராட் அந்த நாளை விடுமுறையாக அனுசரிக்கிறது. பச்சையும் ஷாம்ராக்கும் அங்கேயும் உண்டு. ஆனால் அங்கே மக்கள் நினைவுகூர்வது அந்த ஒன்பது பேரை. கொரோட்டிகஸின் வீரர்களுக்கு எழுதிய கடிதத்தை ஒருவரும் வாசித்துக் காட்டாமலேயே, அந்தத் தீவு பத்திரிசியாரின் பக்கத்தில் போய் நின்றுவிட்டது.

வட அயர்லாந்தின் டவுன்பாட்ரிக் நகரில், குன்றின்மேல் இருக்கும் பேராலயத்தின் முற்றத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. பத்திரிசியார் அங்கேதான் உறங்குகிறார் என்பது மரபு. கப்பலேறிப் போகிறவர்கள் அந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணைத் துணியில் முடிந்துகொண்டு போவது வழக்கமாயிருந்தது. மண் குழியாகிக்கொண்டே போனதால் 1900-இல் மோர்ன் மலைக் கருங்கல் ஒன்றை அதன்மேல் வைத்தார்கள். சிலுவையும் பெயரும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு மார்ச் 17 அன்றும் அருகிலுள்ள சோல் கிராமத்தில், அவர் முதன்முதலாக ஒரு தானியக் கொட்டிலில் வழிபாடு நடத்தினார் என்று நம்பப்படும் இடத்தில், மக்கள் கூடுகிறார்கள். பல பத்தாண்டுகள் ஒருவரையொருவர் கொன்ற மண்ணில் கத்தோலிக்கரும் புரோட்டஸ்டண்டுகளும் சேர்ந்து அங்கிருந்து பேராலயத்துக்கு நடந்து வருகிறார்கள். வழிபாடு முடிந்து வெளியே வந்து, கல்லின்மேல் மலர்வளையம் வைக்கிறார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் அந்த நேரத்துக்குச் சாரல் அடிக்கும். ஆடு மேய்த்த சிறுவன் செபித்ததாகச் சொன்ன அதே மழை.